டைரக்டர் சார் கேட்டுல நிக்காரு

நம்ம மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் வாசலில் காலை ஒன்பதரை மணிக்குப் போய் நின்று பாருங்கள். கழுத்தில் விசிலோடு ஒருவர் நிற்பார். அடையாள அட்டை உண்டா என்று பார்ப்பார், சட்டையை உள்ளே விடச் சொல்வார், தலைமுடி நீண்டுபோன பையனைத் திருப்பி அனுப்புவார். அவர் வாட்ச்மேன் இல்லை. முதுகலைப் பட்டம் பெற்ற உடற்கல்வி இயக்குநர். பதவியின் பேருக்கும் பார்க்கிற வேலைக்கும் இவ்வளவு தூரம் உள்ள ஆள் கல்லூரியில் வேறு கிடையாது.

அந்த இடத்துக்கு வர அவர் கடந்த வழி லேசானது இல்லை. உடற்கல்வியிலோ விளையாட்டு அறிவியலிலோ முதுகலை, அதில் 55 சதவீதம், அதன்மேல் நெட் தேர்வு அல்லது முனைவர் பட்டம். இவ்வளவும் இருந்தால் போதாது, ஓடியும் காட்ட வேண்டும். யுஜிசியின் 2018 விதிகள்படி 30 வயதுவரை உள்ள ஆண் 12 நிமிடத்தில் 1800 மீட்டர் ஓட வேண்டும், அதே வயதுப் பெண் 8 நிமிடத்தில் 1000 மீட்டர். வரலாற்றுப் பேராசிரியரை யாரும் ஓடச் சொல்வதில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த பிறகு டைரக்டரையும் யாரும் ஓடச் சொல்வதில்லை. அந்த 1800 மீட்டர்தான் கல்லூரி அவரிடம் கேட்கிற கடைசி ஓட்டம்.

அதன்பிறகு எல்லாம் ஃபைல்தான். உதவிப் பேராசிரியருக்குச் சமமான நிலை, 57,700 ரூபாய் அடிப்படைச் சம்பளம். முனைவர் பட்டம் இருந்தால் நாலு வருஷத்தில் அடுத்த படி, இல்லையென்றால் எம்.ஃபில்.லுக்கு ஐந்து, வெறும் முதுகலைக்கு ஆறு. இதுவும் அரசு ஒப்புதல் பெற்ற பணியிடத்தில் இருப்பவருக்குத்தான். சுயநிதிப் பிரிவில் இருப்பவருக்குப் படியும் இல்லை, அளவுகோலும் இல்லை. நிர்வாகம் தீர்மானிக்கிறதே சம்பளம். இரண்டு பேரும் நிற்பது அதே கேட்டில்.

நான் கல்லூரியில் தமிழ் நடத்தியவன். எங்கள் டைரக்டரிடம் ஒருநாள் சாயங்காலம், "சாரே, கிரவுண்டுக்குப் போகல்லியா?" என்று கேட்டேன். "எங்க சார் போக? நாளைக்குக் கலைவிழா. கூட்டத்த நாமதான பாக்கணும்" என்றார். கோடு போட, நெட் கட்ட ஒரு மார்க்கர் இருந்தார். அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படவில்லை. பந்து வாங்க மூன்று கையெழுத்து வேண்டும், மூன்றில் ஒன்றும் டைரக்டருடையது இல்லை. ஸ்டாஃப் ரூமில் எங்கள் ஆட்கள் சொல்வது: "அவருக்கு என்னவே வேலை? விசில் ஊதுகது தான!"

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதே பதவிக்கு வேறு பாதை. பயிற்சியாளராக இருந்து மேலே வருபவர்கள் உண்டு, நிர்வாகம் படித்து வருபவர்களும் உண்டு. ஓஹையோ பல்கலைக்கழகம் விளையாட்டு நிர்வாகத்துக்கென்றே 1966இல் முதுகலைப் படிப்பு தொடங்கியது. அங்கே டைரக்டர் பயிற்சியாளர்களை நியமிக்கிறார், நீக்குகிறார், பட்ஜெட்டைக் கையாள்கிறார். டிக்கெட்டும் தொலைக்காட்சி ஒப்பந்தமுமாக அது வியாபாரமாகிப்போனது நமக்கு வேண்டாம். ஆனால் பணம் எங்கே போகிறது என்று சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆள் அங்கே இருக்கிறார். இங்கே பிள்ளைகள் கட்டுகிற ஃபீஸில் விளையாட்டுக்கென்று ஒரு வரி இருக்கும். அது என்ன ஆகிறது என்று டைரக்டரிடமே கேளுங்கள், சிரிப்பார்.

நமக்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவரும் அவர்தான். நூறு வருஷத்துக்கு முன்பே உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தனிக் கல்லூரி கண்ட மாநிலம் இது. அந்த வழியில் வந்த படிப்பை முடித்தவரைத்தான் நாம் சட்டைப் பொத்தானை எண்ண வைத்திருக்கிறோம்.

இதில் நஷ்டம் டைரக்டருக்கு மட்டும் இல்லை. தூத்தூர், இரவிபுத்தன்துறை கரைக்குப் போனால் தெரியும், மணலில் வெறுங்காலோடு பந்தடித்து வளர்கிற பிள்ளைகளை. இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். அந்த ஆட்டத்தை வளர்த்தது கடற்கரை ஊர்கள்தான். கல்லூரிகள் ஆடத் தெரிந்த பையனைக் கோட்டாவில் சேர்த்துக்கொண்டு, கோப்பை வந்ததும் ஃபிளெக்ஸ் அடிக்கின்றன. விளைந்த வயலில் அறுக்க ஆள் உண்டு, நாற்று நடத்தான் ஆள் இல்லை. டைரக்டரின் பெருமையும் கோப்பைக் கணக்கில் இருப்பதால், அவரும் கதிரைத்தான் தேடுகிறார். விளவங்கோடு மலையோரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற ஒரு பெண், எட்டாம் வகுப்புக்குப் பிறகு ஓடியதே இல்லை என்றால் அவளை ஓடவைப்பது யார் வேலை? அந்தக் கேள்வி எந்த ஃபைலிலும் இல்லை.

"ஒழுங்கை யாராவது பார்க்கத்தானே வேண்டும்?" என்பார்கள். வேண்டும்தான். அதைக் கல்லூரியின் ஆசிரியர்கள் எல்லோரும் முறைவைத்துப் பார்க்கட்டும். காலையில் கேட்டில் பயந்து ஒதுங்கிய பையன், சாயங்காலம் அதே மனுஷனிடம் போய் "சார், எனக்கும் வாலிபால் சொல்லித் தாங்க" என்று கேட்க மாட்டான். டைரக்டர்கள் சிலருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களைப் பார்த்ததும் வராந்தா காலியாவதில் ஒரு சுகம் இருக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். அந்தச் சுகத்துக்கு விலையாகக் கொடுத்தது உங்கள் மைதானத்தை.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் இல்லை. விளையாட்டுக் கட்டணத்தின் வரவுசெலவை டைரக்டரின் பொறுப்பில் விட்டு, வருஷத்துக்கு ஒருமுறை நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். கேட் டியூட்டி அவருடையது இல்லை என்று முதல்வர் எழுத்தில் கொடுக்கட்டும். எத்தனை கோப்பை என்பதோடு, எத்தனை பிள்ளைகள் வாரத்தில் மூன்று நாள் மைதானத்தில் இறங்கினார்கள் என்ற கணக்கையும் அவரிடம் கேட்கட்டும். பதவி உயர்வுக்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் மாதம் மகளையோ மகனையோ சேர்க்கப் போகிறவர்கள் ரேங்க், கேம்பஸ் வேலை எல்லாம் கேட்பீர்கள். அதோடு இதையும் கேளுங்கள்: "கிரவுண்டு சாயங்காலம் எத்தனை மணிவரைக்கும் திறந்திருக்கும்? அப்போ டைரக்டர் எங்க இருப்பாரு?"