கண்மாய் ஊருக்கு எந்தப் படகு?

மதுரையில் வெள்ளம் ஆழமாக வருவதைவிட அகலமாக வருவதுதான் வழக்கம். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூரிலும் பந்தல்குடி வாய்க்கால் ஓரத்திலும் தெருக்களில் தேங்கியது, கடல் படகுக்குப் போதாத, நடந்து போவோர்க்கு மிஞ்சிய தண்ணீர். வண்டியூர் கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் காலத்தில், அதை ஒட்டிய கே.கே. நகர், மேலமடைப் பக்கத்துத் தாழ்வான தெருக்களுக்கும் அதே கதி வரலாம். அந்தத் தண்ணீருக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பதுதான் மீட்புப் படகு வாங்குவோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. காம்பவுண்டுச் சுவர், கேட்டின் ஈட்டிமுனை, பாதியில் நின்ற தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, வெட்டிப்போட்ட சீமைக்கருவேல முள் என எல்லாமே கலங்கல் நீருக்குள் மறைந்திருக்கும். இந்தத் தரைக்கு ஏற்றது பற்றவைத்துச் செய்த தட்டையான அடி கொண்ட அலுமினியப் படகு. வெள்ளம் வந்த பிறகு வெளியூரிலிருந்து படகு தேடுவதை விட்டு, அப்படிச் சிலவற்றைக் கண்மாய்க் கரைகளில் மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே நிறுத்தி வைக்க வேண்டும்.

2018 ஆகஸ்டில் கேரளத்து மீனவர்கள் 669 படகுகளில் சென்று ஏறத்தாழ 65,000 பேரைக் கரைசேர்த்ததாக அம்மாநில அரசே கணக்குச் சொன்னது. அந்தப் பெருமைக்குப் பின்னால் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. கடலலைக்காகக் கட்டிய அந்த வள்ளங்கள் செங்கன்னூர், ஆலுவா தெருக்களில் மதிலிலும் மரத்திலும் மோதி அடிவயிறு கிழிந்து திரும்பின. பழுதுபார்க்கும் செலவை அரசு ஏற்க வேண்டி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஹூஸ்டன் நகரம் ஹார்வி புயலில் மூழ்கியபோது, பக்கத்து லூசியானாவின் சதுப்பு நிலத்து மீன்பிடிக்காரர்கள் தங்கள் தட்டையான அலுமினியப் படகுகளை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அடிமரம் மண்டிய சேற்று நீரில் அன்றாடம் ஓட்டுகிறவர்கள் தேர்ந்துகொண்ட படகு அது. நம் ஒகேனக்கல் பரிசலும் இதே கணக்கில் பிறந்ததுதான். தட்டை அடி, கொஞ்சம் தண்ணீரே போதும், பாறையில் இடித்தால் உடையாமல் வளைந்துகொடுக்கும்.

வளைந்துகொடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது. வீட்டு அலுமினியக் குண்டான் எத்தனை நெளிசல் வாங்கினாலும் ஒழுகாது. படகுக்கு மக்னீசியம் கலந்த 5052, 5083 போன்ற உறுதியான கலவைகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் குணம் அதே குணம். மோதலின் வேகத்தை நெளிந்து வாங்கிக்கொள்ளும். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த ஃபைபருக்கு அந்த நெளிவு கிடையாது. ஓர் எல்லைவரை தாங்கிவிட்டு விரிசல் விடும். அந்த விரிசல் வழியே நீர் உள்ளே ஊறி அடுத்த இடிக்கு அதை இன்னும் பலவீனமாக்கும். அலுமினியத்திலும் எல்லாம் ஒன்றல்ல. ரிவெட் அடித்துச் சேர்த்த படகு கல்லில் பலமுறை உரசினால் ரிவெட்டுகள் தளர்ந்து கசியும். அதனால்தான் பற்றவைத்தது வேண்டும் என்கிறேன். அடித்தகடு 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

ரப்பர் படகு போதாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதை மடித்து ஜீப்பில் போடலாம், தனித்தனிக் காற்றறைகள் இருப்பதால் ஓர் அறை கிழிந்தாலும் மூழ்காது, வேகமாக ஓடும் ஆழமான ஆற்றில் அதற்கு ஈடு இல்லை. வைகையில் வெள்ளம் புரண்டால் அதுவே வேண்டும். ஆனால் கருவேல முள்ளும் கம்பியும் நிறைந்த தெருவில் ஓர் அறை கிழிந்த படகு அன்றைய வேலைக்கு ஆகாது, ஒட்டுப்போட்டுக் காயவைக்க யாருக்கும் நேரமும் இராது. மீனவர் படகு வருமே என்பது இன்னொரு வாதம். ராமநாதபுரம் கடற்கரை இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். லாரி பிடித்து, ஏற்றி, இறக்குவதற்குள் தேங்கிய தண்ணீரில் முதியவர்கள் ஓர் இரவைக் கழித்திருப்பார்கள்.

வலுவான ஆட்சேபம் வேறு. ஃபைபர் கிழிந்தால் பிசினும் இழையும் வாங்கி எவரும் ஒட்டலாம். அலுமினியத்துக்கு ஆர்கான் வாயுவும் கைதேர்ந்த வெல்டரும் வேண்டும். விலையும் கூடுதல். இதை மறுப்பதற்கில்லை. அடிக்கடி கிழிவதைச் சுலபமாக ஒட்டலாம் என்பதும், அரிதாகக் கிழிவதைச் சிரமப்பட்டு ஒட்ட வேண்டும் என்பதும் எதிரெதிர் தட்டுகளில் நிற்கின்றன. ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டும் இறங்கும் மீட்புப் படகுக்கு இரண்டாவதே லாபம். துருவைப் பற்றிய பயத்திலும் பாதி உண்மை உண்டு. அலுமினியம் தன்மேல் தானே ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்வதால் பெயின்ட் இல்லாமலும் நிற்கும். சாக்கடைச் சேறு ஒட்டியபடியே மூலையில் போட்டால் அந்தச் சேற்றுக்கடியில் புள்ளிப்புள்ளியாய் அரித்து ஓட்டையிடும். ஈரத்தோடு உள்ளே கிடக்கும் செப்புக் கம்பித் துண்டுகூட அந்த வேலையைச் செய்துவிடும். கழுவிக் கவிழ்த்து வைக்க ஓர் ஆள் போதும். அந்த ஓர் ஆளை நியமிப்பதுதான் நம் அலுவலகங்களில் படகு வாங்குவதைவிடக் கடினம்!

படகு மட்டும் தாங்கினால் போதாது. புடவையும் பிளாஸ்டிக் பையும் மோட்டார் விசிறியில் சுற்றிக்கொண்டால் எந்தப் படகும் நின்றுவிடும். ஒவ்வொரு படகோடும் நாலு மூங்கில் கழிகளும், கழி ஊன்றத் தெரிந்த உள்ளூர் ஆட்களும் வேண்டும். கண்மாயில் மீன்பிடிப்போரைத் தேடினாலே கிடைப்பார்கள்.

தண்ணீர் வந்த பிறகு டெண்டர் விட முடியாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. தகட்டின் கனத்தையும் பற்றவைப்பையும் எழுத்தில் குறிப்பிட்ட டெண்டர் ஜூன் மாதத்திலேயே வெளிவர வேண்டும்.