சரக்கெடுக்கப் போகுமிடத்தில் நாம் பார்க்காமல் வருவது

சரக்கெடுக்கச் சிங்கப்பூர் போகும் நம்மவர்களின் பயணம் எப்படிப்பட்டது என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். முஸ்தபா சென்டர், ஹோட்டல் அறை, பெட்டியை நிறுத்துப் பார்ப்பது, பிறகு விமான நிலையம். நானும் பல தடவை அப்படியே போய் வந்தவன்தான். ஒரு பயணத்தில் ஒரு பகல் மீதமாகக் கிடைத்ததால் சிங்கப்பூர் ஆற்றங்கரைப் பக்கம் போனேன்.

போட் கீ எனப்படும் அந்தக் கரையில் ஒரு காலத்தில் சரக்குத் தொங்கான்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. கப்பலிலிருந்து சரக்கிறக்கும் அந்தத் தொழிலில் தமிழகக் கரையிலிருந்து போன முஸ்லிம்களும் இருந்தார்கள். 1977இல் ஆற்றைத் துப்புரவாக்கத் தொடங்கிய அரசாங்கம் பத்தாண்டில் அந்த வேலையை முடித்தது. தொங்கான்கள் போய்விட்டன. பழைய கடை வீடுகளை மட்டும் இடிக்காமல் காப்பாற்றினார்கள். இன்று அங்கே உணவகங்கள் நடக்கின்றன. நடந்து போகும் தூரத்தில், சூலியா முஸ்லிம்கள் 1826இல் தொடங்கிய ஜாமிஆ பள்ளிவாசல் இருக்கிறது. அதற்கப்பால் 1830இல் கட்டி முடித்த நாகூர் தர்கா, இந்திய முஸ்லிம்களின் வரலாற்றைக் காட்டும் நிலையமாக இருக்கிறது.

ஆற்றின் மறுகரையில் ஆசிய நாகரிக நூதனசாலை. அங்கே என்னை நிற்க வைத்தது ஒரு கப்பலின் சரக்கு. ஒன்பதாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து புறப்பட்டு, இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கிய கப்பல் அது. 1998இல் கண்டெடுத்தார்கள். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த, அரபுநாட்டு முறைக் கப்பல். அதிலிருந்த பீங்கான் பொருட்கள் சுமார் 60,000. கிண்ணங்களைப் பெரிய சாடிகளுக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். அதனால்தான் ஆயிரம் வருடத்துக்கு மேல் கடலடியில் கிடந்தும் ஏராளமானவை உடையாமல் கிடைத்தன. சரக்குக் கட்டுவதில் இதைவிடப் பாடம் வேண்டுமா? ஒரு வியாபாரியின் கண்ணுக்கு நூதனசாலை என்பது பழைய சாமான் அறையல்ல, நமக்கு முன்னிருந்தவர்களின் கடை.

இதற்குச் சிங்கப்பூர்தான் போக வேண்டுமென்பதில்லை. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு தேசிய நூதனசாலையைக் கட்டிக் கொடுத்தவர் நம் வாப்பிச்சி மரிக்கார். அதில், சீனத் தளபதி செங் ஹோ காலத்தில் 1409ஆம் ஆண்டைப் பொறித்துக் காலிக்குக் கொண்டுவந்த கல்வெட்டு இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். கடல் கடந்து வந்தவர்கள் நம் கரையில் எந்த மொழிகளில் பேசினால் காரியம் நடக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், பாருங்கள். மாதம் இரண்டு தடவை கொழும்புக்குப் போகும் நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளைக் கூட்டிப் போய் இதைக் காட்டியிருக்கிறோம்?

நமது பக்கத்துக்கு வருவோம். லிந்துலை, தலவாக்கலை, அட்டன் பஜார்களில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்துகிறார்கள். அதற்கு அத்தாட்சி எங்கே? தலவாக்கலையில் ஆற்றை மறித்து 2012இல் மேல் கொத்மலை மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதற்காகக் கரையோரக் குடும்பங்கள் வேறிடம் போயின. இடம் மாறினால் ஒரு கடையின் கதையைச் சொல்ல மிஞ்சுவது கணக்குக் கொப்பி மட்டும்தான். கடையைத் திருத்தியபோது, என் வாப்பாவின் கொப்பிகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் நிறுத்துக் கொடுத்தவன் நான். தோட்டத்துச் சனம் எந்த மாதம் எவ்வளவு அரிசி, மாவு கடனுக்கு எடுத்தார்கள், சம்பள நாளில் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருந்தது. கிடைத்த சில ரூபாய் அன்றே செலவாகிவிட்டது. கொப்பிகள் திரும்ப வரப்போவதில்லை.

கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்று கட்டளையிடும் அல்பகரா 282ஆம் வசனமே குர்ஆனில் மிக நீளமானது. எழுதச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றும் நாம் எழுதியதைப் பேணவும் பழக வேண்டாமா? பெரிய மண்டபம் கேட்கவில்லை. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஒரு பூட்டுள்ள அலுமாரி போதும். பழைய கணக்குக் கொப்பி, பில், படிக்கல், கடை போர்ட், படம் எதுவானாலும் உரியவரின் பெயரெழுதி அதில் வைக்கலாம். இந்த வாரம் உங்கள் கடையின் மேல் தட்டை ஒரு தடவை பாருங்கள். பேப்பர்க்காரர் வருவதற்கு முன்னர்.