சின்னமுத்து இறங்கிய பின்னர்

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் சின்னமுத்துக் கண்ட பிள்ளைக்கு வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் வார்த்ததும் அம்மன் இறங்கிவிட்டாள் என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆனால், மிக அபூர்வமாகச் சில பிள்ளைகளின் மூளையில் அக்கிருமி ஒளிந்திருந்து, ஏழெட்டு ஆண்டுகள் கழித்து அழற்சியாய் வெளிப்படுகிறது. எஸ்.எஸ்.பி.ஈ. என்பது அதற்கு மருத்துவர் இட்ட பெயர். முதலில் படிப்பு மந்தமாகும். பின்னர் கைகால் உதறும். பேச்சும் நினைவும் அற்றுப்போகும். முடிவு பெரும்பாலும் மரணமே. பாடம் மறக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று வைகிறோமே, அப்போது இதனை யார் நினைப்பார்?

1933-இல் அமெரிக்காவில் டோசன் என்னும் மருத்துவர் இந்நோயை விவரித்தார். சின்னமுத்தே மூலமென்பது 1960-களில்தான் தெளிவாயிற்று. இரண்டு வயதுக்குள் சின்னமுத்துக் கண்டவர்களுக்கே ஆபத்து அதிகம். அவ்வயதினர்தாம் பிள்ளை மடுவத்தில் ஒருங்கே வளர்கின்றனர். ஒரு பிள்ளையின் இருமல் போதும்.

இலங்கையில் 1984 முதல் தடுப்பூசி உண்டு. 2019-இல் சின்னமுத்து ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023-இல் அது மீண்டும் தலைகாட்டிற்று. ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் ஊசி போடவேண்டும். ஊசிக்கு வயது வராத கைக்குழந்தையை மற்றப் பிள்ளைகளின் ஊசியே காக்கும். அரைப்பேர் போய்விடுமென்று கிளினிக்கைத் தள்ளிப்போடும் தாயை நாம் குறைகூறோம். அந்த அரைநாளைத் தோட்டத்துரை சம்பளத்தோடு கொடுக்கட்டும்.