மனத்தையும் கேளுங்கள்

மனச்சோர்வு மாத்திரை நுரையீரல் புற்றுநோயாளியின் ஆயுளைக் கூட்டுமா? மருந்துச்சீட்டுகளை மட்டும் எண்ணி விடை சொல்வது ஆபத்து. சீட்டு எழுதும்வரை பிழைத்திருந்தவரே அந்தக் கணக்கில் வருகிறார்.

பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வு (2010) இன்னும் தெளிவானது. நோய் பரவிய 151 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, நோய் தெரிந்த சில வாரங்களுக்குள், நோயாளியிடம் பேசி வேதனையைக் குறைக்கும் வலிதணிப்புச் சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தது. அவர்களில் மனச்சோர்வு அறிகுறி கண்டவர்கள் 16 சதவீதம், மற்றவர்களில் 38. இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. புதிதாக மனச்சோர்வு மாத்திரை பெற்றோர் அளவோ இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றே!

மாத்திரை தேவைப்படுவோருக்கு அதை மறுக்கக் கூடாது. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். ஆனால், நோயாளியிடம் உட்கார்ந்து பேச ஆளில்லாத புற்றுநோய் வார்டில் சிகிச்சை அரைகுறைதான். அப்படிப் பேசுவோருக்கான பணியிடங்களை அரசு உடனே உருவாக்க வேண்டும்.