ஸ்டிரைக் போகலாமா, சங்கத்தில் சேரலாமா? கையெழுத்துப் போடும் முன் ஒரு தொழிலாளி போட வேண்டிய கணக்கு!

2024 செப்டம்பர் 9. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் சாம்சங் தொழிற்சாலைக்குக் கிளம்பிய தொழிலாளர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்றைக்கு உள்ளே போகவில்லை. பக்கத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் தயாரிக்கும் அந்த ஆலையில் சுமார் 1,800 பேர் வேலை பார்க்கிறார்கள். 2007-ல் தொடங்கிய ஆலை. அதுவரை அங்கே சங்கமே கிடையாது.

அந்த ஸ்டிரைக் 37 நாள் நடந்தது. டிவியில் நாம் பார்த்தது பந்தல், போலீஸ், அமைச்சர்கள், பேச்சுவார்த்தை எல்லாம்தான். ஆனால் பந்தலுக்கு வருவதா, பஸ் ஏறி வேலைக்குப் போவதா என்று ஒவ்வொரு தொழிலாளியும் வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டிருப்பார் இல்லையா? அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஏனென்றால் 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்த பிறகு, அந்தக் கணக்கே மாறிவிட்டது.

முதலில் பணம்: 37 நாளில் எவ்வளவு போகும்?

சாம்சங் தொழிலாளர்களின் சராசரி மாதச் சம்பளம் 25 ஆயிரம் ரூபாய் என்று அப்போது செய்திகள் வந்தன. மூன்று ஆண்டுகளில் படிப்படியாக அதை 36 ஆயிரமாக உயர்த்தணும் என்பது சங்கத்தின் கோரிக்கை. இந்த வட்டாரத்தில் இதே மாதிரி வேலை பார்ப்பவர்களின் சராசரியைவிட நாங்கள் கொடுப்பது அதிகம் என்பது நிறுவனத்தின் பதில். "வேலை இல்லை என்றால் சம்பளம் இல்லை" என்றும் நிறுவனம் அறிவித்தது.

25 ஆயிரம் சம்பளத்துக்கு 37 நாள் என்றால் சுமாராக 30 ஆயிரம் ரூபாய் போகும். வீட்டு வாடகை, பைக் இஎம்ஐ, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் இருக்கிற வீட்டில் இது சின்னத் தொகை இல்லை.

இப்போது இன்னொரு எண்ணைப் பாருங்கள். அக்டோபர் 7-ம் தேதி ஒரு உடன்பாடு அறிவிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் இருந்து 2025 மார்ச் வரை மாதம் 5 ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, ஏசி பஸ் வசதி, பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு உடனடியாக 1 லட்சம் ரூபாய் என்று பட்டியல் வந்தது. ஆறு மாதத்துக்கு 5 ஆயிரம் என்றால் 30 ஆயிரம். அதுவரை போன சம்பளம் அநேகமாகத் திரும்பி வந்துவிடும்.

ஆனாலும் ஸ்டிரைக் முடியவில்லை. இன்னும் ஒரு வாரம் போனது. ஏன்? அந்த உடன்பாடு தொழிலாளர் குழு ஒன்றுடன் போடப்பட்டது, சிஐடியு ஆதரவு பெற்ற சங்கத்துடன் இல்லை. பந்தலில் இருந்தவர்கள் கேட்டது, தாங்களே தேர்ந்தெடுத்த சங்கம் மேஜையில் உட்கார வேண்டும் என்பது. காசு மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்தவர்களுக்கு இந்த இடம் புரியாமல் போயிருக்கும்.

சங்கத்துக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?

இதற்கு நூறு வருஷம் பின்னால் போகணும். அதுவும் சென்னைக்கே.

1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் முன்னின்றார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்வார்கள். கொஞ்ச நாளில் மோதல் வந்தது. நிர்வாகம் ஹைகோர்ட்டுக்குப் போனது. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்டவர்கள் மீது வழக்கு. கோர்ட் தடை விதித்தது. ஸ்டிரைக்குக்கு வாங்க என்று கூப்பிட்டால் நஷ்டஈடு கட்ட வேண்டி வரும் என்பதுதான் அன்றைய நிலைமை.

அந்த வழக்கின் அதிர்ச்சியில் எழுந்த கோரிக்கைகளில் இருந்துதான் 1926 தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் உயிர்நாடி ஒன்றுதான்: பதிவு பெற்ற சங்கம் தொழில் தகராறில் இறங்கினால், அதற்காக அதன் மீதும் பொறுப்பாளர்கள் மீதும் சிவில் வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்க முடியாது. வன்முறைக்கும் சட்டவிரோதச் செயலுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது, அது வேறு விஷயம். புதிய சட்டத் தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது.

"பதிவு" என்ற ஒரு வார்த்தைக்காக ஏன் மாதக்கணக்கில் சண்டை நடக்கிறது என்று இப்போது புரிகிறதா? சாம்சங் சங்கம் 2024 ஜூலையில் விண்ணப்பித்தது. சங்கத்தின் பெயரில் தங்கள் நிறுவனப் பெயர் இருக்கக் கூடாது என்று சாம்சங் எதிர்த்தது. ஹைகோர்ட் வரை போய், 2025 ஜனவரி 27-ல்தான் பதிவுச் சான்றிதழ் கையில் கிடைத்தது. ஸ்டிரைக் முடிந்தே மூன்று மாதம் ஆகியிருந்தது.

எத்தனை பேர் வேணும்?

சங்கத்தைப் பதிவு செய்ய, அந்த நிறுவனத்தின் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அது போதும். எப்படியும் 7 பேருக்குக் குறையக் கூடாது. 1,800 பேர் இருக்கும் ஆலையில் 100 பேர். 40 பேர் இருக்கும் பட்டறையில் 10 சதவீதம் என்றால் 4, ஆனால் 7 பேர் சேர்ந்தால்தான் முடியும்.

"வெளி ஆள் வந்து தூண்டிவிடுகிறான்" என்ற பேச்சு எல்லா ஸ்டிரைக்கிலும் வரும். சட்டம் வெளி ஆளை முழுசாகத் தடுக்கவில்லை. அமைப்பு சார்ந்த துறையில், பொறுப்பாளர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், எது குறைவோ அதுவரை வெளியில் இருந்து வரலாம். வாடியாவே ஆலைத் தொழிலாளி இல்லையே! நிர்வாகத்துக்கு வக்கீல் இருப்பார், மனிதவளத் துறை இருக்கும். எதிர்ப்பக்கம் சட்டம் தெரிந்த ஒருத்தர் வேணும் என்பது நியாயம்தான்.

ஆனால் பதிவு வேறு, பேசும் உரிமை வேறு. புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புப்படி, ஒரே இடத்தில் பல சங்கங்கள் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர்களை வைத்திருக்கும் சங்கத்துக்குத்தான் நிர்வாகத்துடன் பேசும் ஒரே சங்கம் என்ற அந்தஸ்து. யாருக்கும் 51 இல்லையா? 20 சதவீதத்துக்கு ஒரு பிரதிநிதி என்ற கணக்கில் பேச்சுவார்த்தைக் குழு அமையும். 15 சதவீதம் வைத்திருக்கும் சின்னச் சங்கத்துக்கு நாற்காலி இல்லை. அதனால் "எதில் சேரலாம்" என்று யோசிப்பவர், அந்தச் சங்கத்தில் ஏற்கனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டே ஆகணும். கொள்கை பிடித்திருக்கிறது என்பது மட்டும் போதாது.

ஸ்டிரைக் போக இனி 14 நாள் நோட்டீஸ்

இங்கேதான் பெரிய மாற்றம். பழைய 1947 சட்டத்தில், குடிநீர், மின்சாரம், போக்குவரத்து மாதிரியான பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தான் முன்கூட்டி நோட்டீஸ் கட்டாயம். மற்ற ஆலைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. புதிய தொகுப்பில் எல்லாத் தொழில் நிறுவனத்துக்கும் 14 நாள் நோட்டீஸ். நோட்டீஸ் கொடுத்த 60 நாளுக்குள் ஸ்டிரைக் நடக்கணும், இல்லாவிட்டால் அது காலாவதி.

"சரி, 14 நாள்தானே, காத்திருக்கலாம்" என்று தோன்றலாம். அவ்வளவு சுலபம் இல்லை. நோட்டீஸ் போனதும் சமரச அதிகாரி கூட்டம் போடுவார். அவர் நடத்தும் முதல் கூட்டத்தில் இருந்தே சமரச நடவடிக்கை தொடங்கியதாகக் கணக்கு. அது நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரையும் ஸ்டிரைக் கூடாது. சமரசம் தோற்றால் யாராவது ஒரு தரப்பு தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே வழக்கு இருக்கும்வரையும், முடிந்த பிறகு 60 நாளும் ஸ்டிரைக் கூடாது. ஸ்டிரைக்கை நிறுத்தணும் என்று நினைக்கிற நிர்வாகம், தீர்ப்பாயத்தில் ஒரு மனுப் போட்டால் போதும், கதவு மூடிவிடும் என்று சங்கங்கள் சொல்வது இதைத்தான். திடீர் ஸ்டிரைக்கால் உற்பத்தி நிற்காது, பேச நேரம் கிடைக்கும், இதே நிபந்தனைகள் முதலாளியின் கதவடைப்புக்கும் உண்டு என்பது அரசின் வாதம்.

கதவடைப்புக்கும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே எடை இல்லை. முதலாளிக்கு ஆர்டரைக் குறைப்பது, வேலையை வேறு ஆலைக்கு மாற்றுவது என்று வேறு வழிகளும் இருக்கின்றன. தொழிலாளியின் கையில் இருப்பது வேலையை நிறுத்துவது ஒன்றுதான்.

இன்னொன்று, "எல்லாரும் சேர்ந்து லீவு போட்டுடலாம்" என்ற பழைய உத்தி இனி செல்லாது. ஒரே நாளில் 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஒன்றுகூடி தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் ஸ்டிரைக்தான்.

சட்டவிரோத ஸ்டிரைக்கில் கலந்துகொண்டால் 1,000 முதல் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 50 ரூபாய்தான். முறையான நோட்டீஸ் இல்லாமல் 10 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து வேலைக்கு வராமல் இருந்தால், வராத நாள் சம்பளம் போக, வேலை ஒப்பந்தத்தில் அதற்கான விதி இருந்தால் 8 நாள் வரை கூடுதலாகவும் பிடிக்கலாம்.

வேலை போய்விடுமா?

எல்லார் மனதிலும் இருக்கும் கேள்வி இதுதான். சங்கத்தில் சேர்ந்த காரணத்துக்காகத் தொழிலாளியைப் பழிவாங்குவது சட்டப்படி நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை. சங்கப் பொறுப்பாளர்களில் ஒரு சிலருக்கு, அதாவது மொத்தத் தொழிலாளர்களில் 1 சதவீதம் பேருக்கு, "பாதுகாக்கப்பட்ட தொழிலாளி" என்ற அந்தஸ்து உண்டு. குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர். தகராறு நிலுவையில் இருக்கும்போது இவர்களை அனுமதி வாங்காமல் டிஸ்மிஸ் செய்ய முடியாது.

காகிதத்தில் இது நன்றாக இருக்கிறது. நடைமுறை? 2024 அக்டோபர் 15-ல் சாம்சங் ஸ்டிரைக் முடிந்தபோது, கலந்துகொண்டவர்களைப் பழிவாங்க மாட்டோம் என்பதும் உடன்பாட்டில் இருந்தது. 2025 பிப்ரவரியில் மூன்று பேர் சஸ்பெண்ட் செய்யப்பட்டதும் உள்ளிருப்புப் போராட்டம் வெடித்தது. அதன் பிறகு மேலும் பலர் சஸ்பெண்ட் ஆனார்கள். நிறுவனம் ஒழுங்கு நடவடிக்கை என்றது, சங்கம் பழிவாங்கல் என்றது. அடி முதலில் விழுவது முன்னால் நிற்பவர் மேல்தான். பொறுப்பாளராக முன்வருபவர் இதைத் தெரிந்துதான் வரணும்.

அரசு ஊழியர்களுக்கு விஷயம் இன்னும் கடுமை. 2003 ஜூலை ஸ்டிரைக்கை யார் மறந்திருப்பார்கள்? சுமார் 1.7 லட்சம் பேரைத் தமிழ்நாடு அரசு ஒரே மூச்சில் டிஸ்மிஸ் செய்தது. அரசு ஊழியர்களுக்கு ஸ்டிரைக் செய்ய அடிப்படை உரிமையோ தார்மீக உரிமையோ கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. பெரும்பாலானவர்கள் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்துத்தான் வேலைக்குத் திரும்பினார்கள். சங்கம் அமைப்பது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை, ஆனால் ஸ்டிரைக் அப்படி இல்லை என்று 1961-லேயே அந்தக் கோர்ட் சொல்லிவிட்டது.

சங்கமே இல்லாவிட்டால்?

பிரச்சினை இல்லை என்று அர்த்தம் இல்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 150-க்கும் மேற்பட்டோர் கெட்ட உணவால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். முறையிட ஒரு வழி இல்லாத நிலையில், ராத்திரியோடு ராத்திரியாக சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நோட்டீஸும் இல்லை, சமரச அதிகாரியும் இல்லை. ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. சங்கம் வந்தால் ரகளை வரும் என்று பயப்படும் நிர்வாகங்கள் இந்தச் சம்பவத்தையும் ஒருமுறை யோசிக்கலாம்.

கடைசியில் சாம்சங்கில் என்ன கிடைத்தது?

2025 மே மாதம் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் முன்னிலையில் ஊதிய ஒப்பந்தம் ஆனது. மூன்று ஆண்டுகளில் 18 ஆயிரத்தில் இருந்து 23 ஆயிரம் ரூபாய் வரை உயர்வு. முதல் ஆண்டில் மட்டும் 9 ஆயிரம். இழந்த 30 ஆயிரத்தை இந்த உயர்வோடு வைத்துப் பார்த்தால் நாலு மாதத்தில் ஈடாகிவிடுகிறது. ஆனால் இது ஸ்டிரைக் முடிந்து ஏழு மாதம் கழித்து வந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு இப்படி ஒரு ஒப்பந்தம் வரும் என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை. சஸ்பெண்ட் ஆனவரின் வீட்டில் கணக்கு இதே மாதிரி இருக்காது.

ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சித் தொழிலாளி என்றால் இன்னும் கவனம் வேணும். ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சங்கம் சேரும் உரிமை உண்டு, ஆனால் ஏஜென்சி மாற்றினாலே வேலை போகும் நிலைமை. அப்ரெண்டிஸ் "தொழிலாளி" என்ற வரையறைக்குள்ளேயே வர மாட்டார். மாதம் 18 ஆயிரத்துக்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் அப்படித்தான். உங்கள் நியமனக் கடிதத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று முதலில் எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது, வாயிற்கூட்டத்தில் தயங்காமல் கேளுங்கள்: சங்கம் பதிவாகிவிட்டதா? பதிவு எண் என்ன? உறுப்பினர் எத்தனை பேர்? ஸ்டிரைக் நீண்டால் சங்க நிதியில் இருந்து உதவி உண்டா? ஸ்டிரைக் என்றே முடிவாகிவிட்டால், நோட்டீஸின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நிர்வாகம் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் தேதியும் அதில் இருக்கணும். 14 நாள் எப்போது முடிகிறது என்ற கேள்வி வந்தால், கையில் காட்ட இருக்கப் போவது அந்தக் காகிதம்தான்.