இணையவழிப் பரீட்சையில் யாரை நம்புவது?

உயர்தரம் முடிந்தபின் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எங்கள் வகுப்பில் கேட்டால், "ஒன்லைனில் டிகிரி செய்வேன்" என்று சொல்பவர்கள் பலர் இருக்கிறார்கள். இசட் புள்ளி போதாதவர்களுக்கும், விடுதியில் தங்கிப் படிக்க வீட்டில் சம்மதம் கிடைக்காதவர்களுக்கும், திருமணத்தின் பின்னும் படிக்க விரும்புபவர்களுக்கும் அது ஒரு வாசல். பெண் பிள்ளைகளாகிய எங்களுக்கு அந்த வாசல் மிகவும் தேவை. ஆனால் நாளை வேலை தருபவர் அந்தச் சான்றிதழைப் பார்த்து, "பரீட்சையை நீங்கள்தான் எழுதினீர்களா?" என்று சந்தேகப்பட்டால் எங்கள் உழைப்புக்கு என்ன மதிப்பு? ஆகவே இணையவழிக் கல்வியில் பரீட்சை எப்படி நடக்கிறது என்பது எங்களுடைய பிரச்சினை.

2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகள் சூமுக்கு மாறின. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பு அதற்குக் கைகொடுத்தது. பாடம் நடத்துவது ஓரளவு கைகூடியது, பரீட்சைதான் சிக்கலானது. மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மேசை, ஒரே கடிகாரம். வீட்டிலோ ஒருத்திக்கு மடிகணினி இருக்கிறது, இன்னொருத்திக்குத் தம்பியோடு பங்கிடும் கையடக்கத் தொலைபேசிதான் இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. கரண்ட் போய்ச் சிறிது நேரத்தில் எங்கள் ஊரில் சிக்னலும் போய்விடும். என் ராத்தா ஓர் ஒப்படையை நேரத்துக்கு அனுப்புவதற்காக வாப்பாவோடு பிரதான வீதிவரை நடந்து போனார். அன்று அளக்கப்பட்டது அவருடைய அறிவா, எங்கள் ஊரின் சிக்னலா?

அடுத்தது, பார்த்தெழுதும் பிரச்சினை. வாட்ஸ்அப் குழுவில் விடை கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் குழுவும் தேவையில்லை. இதைத் தடுக்கச் சில நாடுகளில் கமராவை நாடினார்கள். மாணவர் தன் அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும், முகத்தை விலக்காமல் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு மாணவர் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். கிளீவ்லாண்ட் அரச பல்கலைக்கழகம் அவரது அறையைக் கமராவால் சோதித்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2022 ஓகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கள் வீடுகளை நினைத்துப் பாருங்கள். உம்மாவும் தங்கையும் ஹிஜாப் இல்லாமல் நடமாடும் வீட்டைப் பதிவு செய்து, யார் பார்ப்பார் என்றே தெரியாத இடத்துக்கு அனுப்ப எந்தப் பெற்றோர் சம்மதிப்பார்கள்? திறந்த வாசல் அங்கேயே மூடிவிடும்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளையும் நம்ப முடியவில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதாது என்று தன் கண்டறியும் கருவியை 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 கட்டுரைகளை இத்தகைய ஏழு கருவிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியதாக அவை கூறின. தமிழ் மொழிமூலம் படித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் எழுதப்போகும் எங்களுக்கு இது சிறிய செய்தியல்ல. நேர்மையாக எழுதியவளும் குற்றவாளியாக நிற்கலாம்.

அப்படியானால் என்னதான் வழி? காவலைக் கூட்டுவதைவிடக் கேள்வியை மாற்றுவது நல்லது என்பது என் கருத்து. "பணவீக்கம் என்றால் என்ன?" என்று கேட்டால் விடையை எங்கிருந்தும் எடுக்கலாம். "உங்கள் ஊர்ச் சந்தையில் ஐந்து பொருட்களின் விலையை ஒரு மாதம் குறித்து, மாற்றத்தை விளக்குங்கள்" என்று கேட்டால் சந்தைக்குப் போகத்தான் வேண்டும். விலைகளையும் ஒருத்தி கற்பனையாக எழுதலாமே என்பீர்கள். அதற்குத்தான் வாய்மொழிப் பரீட்சை. தான் எழுதியதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். அதற்குச் சாதாரணத் தொலைபேசி அழைப்பும் போதும்.

200 மாணவருக்குப் பத்து நிமிடம் என்றால் 33 மணி நேரத்துக்கு மேலாகும், விரிவுரையாளர் எங்கே போவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம். முக்கியமான ஒப்படை ஒன்றுக்கு மட்டும் செய்யலாம். இறுதிப் பரீட்சையை ஊருக்குக் கிட்டிய நிலையத்தில் எழுத வைக்கலாம். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணம், கண்டி, மாத்தறை போன்ற இடங்களில் பிராந்திய நிலையங்கள் உள்ளன. இன்னும் சிறிய ஊர்களில் பாடசாலை மண்டபங்கள் இருக்கின்றனவே.

பெற்றோரே, உங்கள் மகளை ஓர் இணையவழிப் பாடநெறியில் சேர்க்கும் முன் கட்டணத்தையும் காலத்தையும் மட்டும் கேட்காதீர்கள். பரீட்சை எப்படி நடக்கும், கரண்ட் போனால் மறுவாய்ப்பு உண்டா, கமரா கேட்பார்களா, பதிவு யாரிடம் இருக்கும் என்றும் கேளுங்கள். தோழிகளே, ஒப்படையை வேறொருவரிடமோ இயந்திரத்திடமோ கொடுத்து எழுதி வாங்கும் ஒவ்வொருத்தியும், தானே எழுதும் இன்னொருத்தியின் பட்டத்தின் மதிப்பையும் சேர்த்தே குறைக்கிறாள். நாளை அந்த இன்னொருத்தி நானாக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம்.