தறி சொல்லித் தரும் அப்டேட் பாடம்

ஆரணிப் பக்கம் தறியில் ஒரு பாவு முடியப் போகிறதென்றால், நெசவாளர் அதைக் கடைசி நுனி வரை நெய்து தீர்த்துவிட மாட்டார். விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் நுழைந்து நிற்கும் பழைய இழைகளில் கொஞ்சம் விட்டுவைப்பார். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அந்தப் பழைய நுனியோடு பிணைத்து, மெல்ல இழுத்தால் போதும். ஆயிரக்கணக்கான இழைகளும் தத்தம் வழியில் தறிக்குள் வந்துவிடும். அவசரப்பட்டுப் பழையதை அறுத்து எறிந்துவிட்டால், எல்லாவற்றையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். கூலியோ புடவைக்குத்தான், கோக்கும் நாளுக்கு யார் கொடுப்பார்?

இதே பாடம், தறி வீட்டுச் சுவரில் மாட்டும் சின்ன சென்சார் போர்டுக்கும் பொருந்தும்.

அட்டையில் இருந்தது சிப்புக்குள்

1804-ல் பிரான்சின் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய பெட்டியில், துளையிட்ட அட்டைகள்தான் தறிக்குக் கட்டளை கொடுத்தன. துளை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும், இல்லையென்றால் விட்டுவிடும். புட்டாவும் மயிலும் அப்படித்தான் புடவையில் விழுகின்றன. ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தபோது சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன.

மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் கட்டளைத் தொகுப்பான ‘ஃபர்ம்வேர்’ இந்த அட்டைக் கட்டுக்குச் சமம். மாணவர்கள் பழகும் ஆர்டுயினோ ஊனோ போர்டில் அதற்குள்ள இடம் வெறும் 32 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட் மார்னிங் படம்கூட அதைவிடப் பெரிது!

ஈரத்தின் விலை

தறி வீட்டில் சென்சார் எதற்கு? பட்டு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முற்றிலும் காய்ந்த ஒரு கிலோ பட்டு, 11 சதவீத ஈரம் சேர்ந்தால் 1,110 கிராம் ஆகிவிடும். வணிகத்தில் பட்டின் எடையைக் கணக்கிடுவதே இந்த 11 சதவீதத்தை வைத்துத்தான். பட்டை நிறுத்துக் கொடுத்து, நெய்த புடவையை நிறுத்து வாங்கும் தொழிலில், மழைக்காலத்து எடையும் கோடைக்காலத்து எடையும் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள, ஈரப்பதம் காட்டும் எண் சரியாக இருக்க வேண்டும்.

அந்த எண்ணைச் சொல்வது சென்சார் மட்டுமல்ல. அது அனுப்பும் சிக்னலைக் கணக்குப் போட்டு எண்ணாக்குவது ஃபர்ம்வேர். டிஎச்டி-11, டிஎச்டி-22 என்ற இரு சென்சார்களும் பார்க்க ஒரே சாயல். ஆனால், ஒன்றுக்கு எழுதிய ஃபர்ம்வேரை மற்றதற்கு ஏற்றினால், சம்பந்தமே இல்லாத எண் வரும். போர்டு ஓடும், விளக்கு எரியும், கணக்கு மட்டும் பொய்!

பழைய நுனி எங்கே?

அப்டேட் பாதியில் கரன்ட் போனால் என்ன ஆகும்? பழைய ஃபர்ம்வேர் அழிந்திருக்கும், புதியது முழுதாக ஏறியிருக்காது. இதைத் தாங்கத்தான் சிப்பின் ஓர் ஓரத்தில் ‘பூட்லோடர்’ என்ற சிறு நிரல் இருக்கிறது. வழக்கமான அப்டேட் அதைத் தொடாது. அது பத்திரமாக இருந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். தறியில் விட்டுவைத்த பழைய நுனி இதுதான்.

வைஃபை வழியாகவே அப்டேட் ஆகும் ஈஎஸ்பி-32 போன்ற சிப்புகளில் இன்னொரு ஏற்பாடும் செய்யலாம். ஃபர்ம்வேருக்கு இரண்டு அறைகள். பழையது ஓர் அறையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, புதியது மற்ற அறையில் இறங்கும். புதியது ஒழுங்காக எழுந்து நின்றால்தான் பொறுப்பு அதனிடம் போகும். தடுமாறினால் பழையதே திரும்ப வரும்.

இந்தப் பொறுமைக்கு வானத்திலும் ஒரு சாட்சி உண்டு. 1977-ல் கிளம்பிய வாயேஜர்-1, 2023 நவம்பரில் புரியாத தகவல்களை அனுப்பத் தொடங்கியது. நினைவகத்தில் ஒரு சிப் பழுது. தூரமோ 2,400 கோடி கிலோமீட்டர். நாசா பொறியாளர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றவில்லை. விண்கலத்தின் உடல்நலத்தைச் சொல்லும் நிரலை மட்டும் முதலில் வேறிடத்துக்கு மாற்றி, 2024 ஏப்ரல் 18-ல் கட்டளை அனுப்பினார்கள். சிக்னல் போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர அதே அளவு. ஏப்ரல் 20-ல் சரியான பதில் வந்த பிறகே மற்றவற்றில் கை வைத்தார்கள்.

அப்டேட்டுக்கு முன்...

* இப்போது ஓடும் ஃபர்ம்வேரின் பதிப்பு எண்ணையும் செட்டிங் எண்களையும் போனில் படம் பிடித்து வையுங்கள். பழைய ஃபைலை அழிக்காதீர்கள்.

* போர்டின் பெயரும் சென்சாரின் பெயரும் ஃபைலோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

* சில யுஎஸ்பி கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், தகவலைக் கடத்தாது. ‘போர்டு கெட்டுப்போச்சு’ என்று முடிவுகட்டும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

* மின்சாரம் போய்வரும் நேரத்தைத் தவிருங்கள். சார்ஜ் உள்ள லேப்டாப் நல்லது.

* போர்டோடு மோட்டாரோ ரிலேயோ இணைந்திருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். அப்டேட் நேரத்தில் அவை தானாக இயங்கிவிடக்கூடும்.

* பத்து போர்டு இருந்தால், முதலில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு நாள் முழுக்க, மாற்றாத போர்டின் பக்கத்தில் வைத்து இரண்டின் எண்களையும் ஒப்பிடுங்கள்.

அட்டைக்குப் பதில் மின்னணு ஜக்கார்டு பொருத்திய தறிகளிலும் இதே கதைதான். அங்கே ஒரு தப்பு நுழைந்தால் திரையில் தெரியாது, முந்தானையில் தெரியும். அதனால் அப்டேட் முடிந்ததும் நேராகக் கல்யாணப் புடவையில் இறங்காமல், ஓர் அங்குலம் வெள்ளோட்டம் நெய்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.